இனப்பிரிவினைக் காலத்துக் கறுப்பின ஆசிரியர்களின் வரலாற்றைச் சேகரித்துக் காப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1953 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் டொபீகா நகரின் பள்ளிக் கண்காணிப்பாளர், தன் நிர்வாகத்தில் வேலை பார்த்த கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் அனுப்பினார். தொடக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை (வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி) செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால், வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நீக்ரோ ஆசிரியர்களை வைத்துக்கொள்வதை ஊர் மக்களில் பெரும்பாலானோர் விரும்பமாட்டார்கள் என்று கருதியே பள்ளி வாரியம் நடந்துகொள்ளும், ஆகவே அடுத்த ஆண்டு வேலைக்கு உறுதி தர முடியாது என்பது அதன் சாரம். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் வழக்கின் தீர்ப்பு வருவதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்த வழக்கு கிளம்பியதே இதே ஊரிலிருந்துதான்.

1954 மே 17 தீர்ப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஆசிரியர்களுக்கு என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. தீர்ப்பு வந்தபோது நாடு முழுக்கச் சுமார் 82,000 கறுப்பின ஆசிரியர்கள் இருந்தார்கள் என்றும், 1965 வரையிலான காலத்தில் தெற்கிலும் தெற்கு-வடக்கு எல்லையிலும் உள்ள 17 மாநிலங்களில் 38,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பள்ளிகளை ஒன்றாக்கினார்கள் என்று சொல்வதே பாதி உண்மைதான், பெரும்பாலான ஊர்களில் கறுப்பினப் பள்ளியை மூடிவிட்டு அல்லது கீழ்நிலைப் பள்ளியாக இறக்கிவிட்டுப் பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மூடியபோது பரிசுக் கோப்பைகளும் புகைப்படங்களும் பதிவேடுகளும் பல இடங்களில் குப்பைக்குப் போயின.

ஆக, அரசாங்கக் காகிதத்தில் இந்த வரலாறு அரைகுறையாகவே இருக்கிறது, மீதி ஓய்வுபெற்ற டீச்சர்களின் வீட்டு அலமாரியிலும் அவர்கள் மாணவர்களின் நினைவிலும் இருக்கிறது. அதை எப்படித் தேடி, பதிந்து, காப்பது என்பதுதான் கீழே. உள்ளூர் நூலகத்தில் தன்னார்வலராகச் சேர நினைப்பவர், கல்லூரி மாணவர், அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர் யாரும் செய்யலாம். ராலே, சார்லட், அட்லாண்டா பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும், நீங்கள் இருக்கிற கவுண்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) இப்படி ஒரு பள்ளி நிச்சயம் இருந்திருக்கும்.

வேலையில் இறங்குமுன் ஒன்று. இந்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசினாலே கிழிந்த பழைய புத்தகம், ஒழுகுகிற கூரை என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வறுமை உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது அவர்கள் என்ன பாடம் நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள், யாரிடம் படித்துவிட்டு வந்தார்கள் என்பது. தென் மாநிலங்கள் பல, தங்கள் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மனமில்லாமல், வெளிமாநிலத்தில் போய்ப் படிக்கப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டன. அதனால் கோடை விடுமுறைகளில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்குப் போய்ப் படித்து முதுகலைப் பட்டம் வாங்கிய கிராமத்து டீச்சர்கள் ஏராளம். துன்பத்தை மட்டும் சேகரித்தால் இதெல்லாம் விட்டுப்போகும்.

படி 1: ஒரு பள்ளி, அல்லது ஒரு கவுண்டி

"தெற்கத்திய ஆசிரியர்கள்" என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள். இந்தப் பட்டியல்தான் பிறகு வரும் எல்லா வேலைக்கும் அடிப்படை.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இரண்டும் இப்போது இலவசமாக இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன (72 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள், 1950 தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன). தொழில் என்ற கட்டத்தில் ஆசிரியர் என்று இருக்கிறவர்களைத் தெருத் தெருவாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். 1940 தாளில் முந்தைய ஆண்டுச் சம்பளமும், எத்தனை வகுப்பு வரை படித்தவர் என்பதும் இருக்கிறது. ஒரே கவுண்டியில் வெள்ளை ஆசிரியரும் கறுப்பின ஆசிரியரும் என்ன வாங்கினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் எந்த விளக்கமும் எழுதத் தேவையில்லை.

பள்ளி 1932க்கு முன்பு கட்டிய கிராமத்துப் பள்ளி என்றால் அது ரோசன்வால்ட் பள்ளியா என்று பாருங்கள். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டும் டஸ்கீகி கல்லூரியை நடத்திய கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது, 15 மாநிலங்களில் 5,000க்குச் சற்றுக் குறைவான பள்ளிகள் எழுந்தன. நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளிகளின் அட்டைகளையும் புகைப்படங்களையும் தேடக்கூடிய தளமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் ரோசன்வால்ட் நிதியைவிடக் கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து போட்ட பணம்தான் அதிகம், அந்த வசூலை ஊர் ஊராக நடத்தியவர்களில் டீச்சர்கள் முக்கியமானவர்கள்.

பட்டியல் போடும்போது ஒரு சிக்கல் வரும். ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பெண்கள், திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிவிடும், ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். பிறந்த வீட்டுப் பெயருக்குத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆண்டு மலர், தேவாலய ஆண்டு விழா மலர், இறுதிச் சடங்கில் அச்சிட்டுக் கொடுக்கும் வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும். இந்த இறுதிச் சடங்குத் தாள்கள் கறுப்பினக் குடும்பங்களில் பத்திரமாக வைத்திருக்கும் பொருள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வேலை பார்த்த பள்ளிகள், சங்கங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அரசாங்கப் பதிவேட்டில் ஒரு மாதம் தேடிக் கிடைக்காதது அதில் ஒரு பத்தியில் இருக்கும்.

படி 2: பெரியவர்களைத் தொந்தரவு செய்யுமுன் இருப்பதைப் படியுங்கள்

யாரிடமும் போய் "உங்கள் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று உட்காராதீர்கள். முதலில் வாசிப்பு.

இந்த ஆசிரியர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருந்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். தேசிய அளவில் 1904இல் தொடங்கியது பின்னர் அமெரிக்க ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாறி, 1966இல் தேசியக் கல்விச் சங்கத்தோடு இணைந்தது. மாநிலவாரியாகவும் கறுப்பின ஆசிரியர் சங்கங்கள் இருந்தன, அவற்றின் இதழ்களில் கூட்ட நடவடிக்கை, பாடத்திட்டக் கட்டுரை, யாருக்குப் பதவி உயர்வு, யார் எங்கே படிக்கப் போனார் என்று எல்லாம் இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்விஸ் கிவன்ஸும் இமானி பெர்ரியும் முன்னின்று தொடங்கிய கறுப்பின ஆசிரியர் ஆவணக்களம் இந்த இதழ்களைப் பல நூலகங்களிலிருந்து திரட்டி ஸ்கேன் செய்து 2023இலிருந்து இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக அதில் போட்டுத் தேடுங்கள், நேரம் எடுக்கும், ஆனால் இதைவிடப் பலன் தருகிற வேலை இந்தக் கட்டத்தில் வேறு இல்லை.

அடுத்தது வழக்குக் கட்டுகள். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ஏலைன் பிளாக் என்ற வேதியியல் ஆசிரியை 1939இல் சமச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார், வாரியம் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தையே புதுப்பிக்கவில்லை. பிறகு மெல்வின் ஆல்ஸ்டன் அதே வழக்கை எடுத்து நடத்த, தர்குட் மார்ஷலும் சக வழக்கறிஞர்களும் வாதாட, 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தென் கரோலினாவிலும் சம்பள வழக்குகள் 1944, 1945இல் வென்றன. உடனே மாநிலம் ஆசிரியர் தேர்வு ஒன்றின் மதிப்பெண்ணை வைத்துச் சம்பளத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேலை நீக்க வழக்குகளும் உண்டு. மிசூரியின் மோபர்லியில் 1955இல் பள்ளிகளை இணைத்தபோது 11 கறுப்பின ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று, அவர்கள் தொடுத்த வழக்கு தோற்றது. தோற்ற வழக்கின் கட்டிலும் தகுதிச் சான்றும் பணி அனுபவமும் சாட்சியமும் அப்படியே இருக்கும், எனக்கு இதுதான் பிடித்த சுரங்கம்.

பிறகு மாநில ஆவணக் காப்பகம். வட கரோலினாவில் நீக்ரோ கல்விப் பிரிவு என்ற துறையின் கோப்புகள் காப்பகத்தில் இருக்கின்றன. ஜீன்ஸ் ஆசிரியர்களின் அறிக்கைகளையும் கேளுங்கள். பிலடெல்பியாவின் ஆனா ஜீன்ஸ் 1907இல் கொடுத்த 10 லட்சம் டாலரில் உருவான நிதியிலிருந்து வந்த பெயர் அது; 1908இல் வர்ஜீனியாவின் ஹென்ரைக்கோ கவுண்டியில் வர்ஜீனியா ராண்டால்ஃப் முதல் ஜீன்ஸ் ஆசிரியரானார், 1968 வரை இந்த வேலை நீடித்தது. கவுண்டி முழுக்க உள்ள சிறு பள்ளிகளைச் சுற்றி வந்து, டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிதி திரட்டி, மாதாமாதம் அறிக்கை எழுதியவர்கள் இவர்கள்.

கறுப்பினச் செய்தித்தாள்கள், டியூக் பல்கலைக்கழகம் 1990களில் தென் மாநிலங்களில் எடுத்த 1,200க்கும் மேற்பட்ட நேர்காணல்கள், ஆண்டு மலர்கள் என்று இன்னும் உண்டு. பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகளையும் பாருங்கள், ஆனால் அதில் எழுதியதை அப்படியே நம்பவேண்டாம். "ராஜினாமா", "பணியிடம் ரத்து" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் அடுத்த படியில் கேட்கப் போகிறீர்கள்.

படி 3: ஆட்களைத் தேடுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1960இல் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த டீச்சர் 1938இல் பிறந்தவர். இப்போது 85ஐத் தாண்டியிருப்பார். ஸ்கேன் செய்வது, பட்டியல் போடுவது எல்லாவற்றையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போட முடியாது. வயதில் மூத்தவர், உடல்நலம் குறைந்தவர் முதலில். டீச்சர் இல்லையென்றால் மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் 70களில் இருப்பார்கள், அவர்களையும் பதியுங்கள்.

தேவாலயம், பழைய மாணவர் ஒன்றுகூடல், ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, டெல்டா சிக்மா தீட்டா போன்ற கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் சங்கங்களின் உள்ளூர்க் கிளை, இவை நான்கும் போதும். நேராகப் போய்க் கதவைத் தட்டாமல், அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் போங்கள். முன்பு ஆராய்ச்சி என்று வந்து, பேட்டி எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

இன்னொரு விஷயம், சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், மிஸஸ், மிஸ், மிஸ்டர் சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். வெள்ளை அதிகாரிகள் கறுப்பினத்தவரை மரியாதை அடைமொழி இல்லாமல் வெறும் பெயர் சொல்லி அழைத்த காலம் அது. 1963இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற போராளி, அரசு வழக்கறிஞர் "மேரி" என்று அழைத்ததற்குப் பதில் சொல்ல மறுத்து நீதிமன்ற அவமதிப்பில் சிறை போனார், 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர்களாகச் சொன்னால் ஒழிய முதல் பெயர் வேண்டாம்.

படி 4: நேர்காணல்

கருவி பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஸூம் நிறுவனத்தின் கையடக்க ரெக்கார்டர் மாதிரி ஒன்று இருந்தால் நல்லது, இல்லையென்றால் போனை விமான முறையில் போட்டு மேசைமேல் வையுங்கள். முடிந்தால் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஃபிரிட்ஜ், ஏசி, டிவி சத்தம் இல்லாத அறை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மறுபடி வரலாம்.

ஒப்புதல் படிவத்தைத் தொடங்குமுன்பே விளக்கிவிடுங்கள், கையெழுத்தை முடிந்த பிறகு வாங்குங்கள், ஏனென்றால் என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் சம்மதிக்க முடியும். எதை நீக்கலாம், எத்தனை ஆண்டு மூடி வைக்கலாம், யார் கேட்கலாம் என்று தேர்வுகள் அதில் இருக்கட்டும்.

கேள்விகள் விஷயத்தில், "இனப்பிரிவினை உங்களை எப்படிப் பாதித்தது" போன்ற பொதுக் கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். பதிலாக, காலையில் பள்ளிக்கூடம் போனதும் முதலில் என்ன செய்வீர்கள், அடுப்பை யார் பற்றவைத்தார், ஒரே அறையில் எத்தனை வகுப்பு, வரலாற்றுப் பாடத்துக்கு என்ன புத்தகம் வந்தது, அதில் இல்லாததை எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்ஸன் 1926இல் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கியபின் அதைப் பள்ளிகளில் நடத்திக் காட்டியவர்கள் இந்த டீச்சர்கள்தான். 1930களில் லூசியானாவில் டெஸ்ஸி மெக்கீ என்ற இளம் ஆசிரியை, மாநிலம் அனுமதித்த பாடக்குறிப்பை மேசைமேல் வைத்துக்கொண்டு, வுட்ஸனின் புத்தகத்தை மடியில் வைத்து அதிலிருந்து வாசித்திருக்கிறார், தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் கண் மேசைக் குறிப்புக்குப் போய்விடும். மாணவர் ஒருவர் பின்னால் சொன்னதால்தான் இது நமக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், கேட்டால்தான் வரும்.

சில விஷயங்களில் இன்றும் தயக்கம் இருக்கும், என்.ஏ.ஏ.சி.பி. (கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பு) உறுப்பினராக இருந்தீர்களா என்பது அதில் ஒன்று. 1956இல் தென் கரோலினா அரசு, அந்த அமைப்பில் இருப்பவர் அரசு வேலையில் இருக்க முடியாது என்று சட்டம் போட்டது. எல்லோரீ என்ற சிற்றூரில் 21 ஆசிரியர்கள் அதற்கு இணங்க மறுத்து வேலையிழந்தார்கள். சார்ல்ஸ்டனின் செப்டிமா கிளார்க் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்ததால் 40 ஆண்டு அனுபவத்தோடு வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார், ஓய்வூதியம் திரும்பி வந்தது 1976இல். இந்தப் பின்னணி தெரிந்தவராகப் போனால் நீங்கள் கேட்கும் விதமே மாறும். நேரடியாகக் கேட்பதைவிட "அந்தச் சட்டம் வந்தபோது பள்ளியில் என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

பள்ளி மூடிய வருடத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். யார் எங்கே போனார்கள்? தலைமை ஆசிரியராக இருந்தவருக்குப் புதுப் பள்ளியில் என்ன வேலை கொடுத்தார்கள்? துணைப் பதவி, பாடப்புத்தகக் கணக்கு, பேருந்துப் பொறுப்பு என்று இறக்கப்பட்டவர்கள் பலர், அவர்களை "வேலை இழந்தவர்" கணக்கில் எங்கும் பார்க்க முடியாது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, பள்ளிகளை இணைக்க மனமில்லாமல் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடி வைத்தது. அந்த மாதிரி இடங்களில் டீச்சர்கள் வேறு கவுண்டிகளுக்கும் வடக்குக்கும் சிதறிப் போயிருப்பார்கள், அவர்களைத் தேடி வேறு மாநிலத்துக்கு போன் போட வேண்டியிருக்கும்.

புகழ்மாலை மட்டும் சேகரிக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரம்பு இருந்தது, வெளிர் நிறப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டிய டீச்சர்கள் இருந்தார்கள், படித்த குடும்பத்துக்கும் கூலிக் குடும்பத்துக்கும் இடைவெளி இருந்தது. மாணவர்கள் இதைச் சொல்வார்கள், சொல்லட்டும், பதியுங்கள்.

படி 5: காகிதமும் புகைப்படமும்

பொருளை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள். ஸ்கேனரை நீங்கள் கொண்டுபோங்கள், அவர்கள் கண் முன்னாலேயே வேலை முடியட்டும். புகைப்படம் என்றால் 600 பிபிஐ, கடிதம், சான்றிதழ் 400 போதும், டிஃப் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் அங்கேதான் எழுதியிருக்கும்.

பசை ஒட்டிய பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன், செலோடேப் இரண்டும் கூடவே கூடாது. செய்தித்தாள் வெட்டுகளில் அமிலம் இருப்பதால் புகைப்படங்களோடு சேர்த்து வைத்தால் படத்தில் மஞ்சள் ஏறும், தனி உறையில் போடுங்கள். பெயர் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில் லேசாக. பரணும் கராஜும் வெயிலுக்குக் கொதித்து மழைக்கு ஈரமாகும் இடங்கள், அங்கிருக்கும் பெட்டியை வீட்டுக்குள் ஓர் அலமாரிக்கு மாற்றச் சொல்வதே பெரிய உபகாரம்.

எதைத் தேடுவது? பலரும் பட்டமளிப்புப் புகைப்படத்தை எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் பாடக்குறிப்பு நோட்டு, வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், பெற்றோர் சங்க வரவு செலவு, மாணவர்கள் எழுதிய கடிதங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். "அது வெறும் கணக்கு நோட்டு" என்று ஒதுக்குவார்கள். அந்த நோட்டில்தான் பேருந்துக்கும் பியானோவுக்கும் பணம் எப்படி வந்தது என்று இருக்கும்.

படி 6: பெயரிட்டு அடுக்குவது

கோப்புப் பெயரில் ஆண்டு, பள்ளி, யாருடைய சேகரிப்பு, வரிசை எண். கூடவே ஒரு விரிதாளில் யார், எங்கே, எப்போது, யார் சொன்னார், உரிமை யாரிடம். குழுப் படம் என்றால் இடமிருந்து வலம் பெயர்கள், தெரியாதவரை வெற்றிடமாக விட்டு, அடுத்த ஒன்றுகூடலில் அச்சிட்டு மேசைமேல் பரப்பி வைத்தால் பாதிப் பெயர்கள் ஒரு மத்தியானத்தில் வந்துவிடும். பழைய பள்ளிப் பெயர்களிலும் சங்கப் பெயர்களிலும் உள்ள அந்தக் காலச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தில் மட்டும் இன்றைய சொல்.

பேச்சை எழுத்தாக்க மென்பொருள் உதவும், ஆனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தெற்கத்தியப் பேச்சு வழக்கு எல்லாவற்றையும் குழப்பிவிடும். காதால் கேட்டுத் திருத்துங்கள், இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். ஒருவர் சொன்ன ஆண்டும் வாரியக் குறிப்பில் உள்ள ஆண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்.

படி 7: எங்கே ஒப்படைப்பது

உங்கள் லேப்டாப் காப்பகம் ஆகாது. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். நிரந்தர இடமாக, அந்த டீச்சர்கள் படித்த கறுப்பினக் கல்லூரியின் நூலகத்தை முதலில் கேளுங்கள், பிறகு மாநிலக் காப்பகம், உள்ளூர் நூலகம். நல்ல உதாரணம் சார்ல்ஸ்டனின் ஏவரி ஆய்வு மையம்: 1865இல் தொடங்கிய ஏவரி பள்ளிதான் செப்டிமா கிளார்க் படித்த இடம், அவருடைய காகிதங்கள் இன்று அங்கேயே இருக்கின்றன. கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நாளில் பட்டியலிடுவீர்கள், இணையத்தில் இலவசமாகத் திறப்பீர்களா, குடும்பம் வந்தால் பார்க்க விடுவீர்களா. பதில் மழுப்பலாக இருந்தால் அசலைக் கொடுக்காமல் ஸ்கேன் பிரதியை மட்டும் கொடுங்கள்.

கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்க மாநில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், அது தனி வேலை, தனி ஆள் வேண்டும்.

எழுத்தாக்கிய பேட்டியை வெளியே விடுமுன் பேசியவருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்து, படித்துத் திருத்த ஒரு மாதம் அவகாசம் விடுங்கள். வாழ்நாள் முழுக்கத் தாள் திருத்தியவர்கள், உங்கள் எழுத்துப் பிழைகளையும் சேர்த்துத் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள்.